ஊசலுக்கு நிமிர ஆசையா?

கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆய்வகங்களில் மேசைமேல் தவறாமல் காணப்படும் கருவி தலைகீழ் ஊசல். ஒரு சிறிய மோட்டார்; அதன் தண்டில் கிடைமட்டமாகப் பொருத்திய ஒரு கை; அந்தக் கையின் நுனியில் மேலும் கீழும் தடையின்றிச் சுழலும் ஒரு மெல்லிய உலோகக் கம்பி. மோட்டாரால் கையை மட்டுமே திருப்ப முடியும். கம்பியை அது நேரடியாகத் தொடுவதே இல்லை. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் கட்சுஹிசா ஃபுருடாவும் அவருடைய குழுவினரும் 1992-இல் உருவாக்கிக் காட்டிய அமைப்பு இது. இன்று உலகெங்கும் பாடக்கருவியாக விற்கப்படுகிறது. மின்சாரம் கொடுத்ததும் கை இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. கம்பி ஒவ்வொரு வீச்சிலும் இன்னும் கொஞ்சம் உயரம் ஏறுகிறது. உச்சியை நெருங்கியதும் ஆட்டம் சட்டென்று அடங்கி, கம்பி செங்குத்தாக நின்றுவிடுகிறது. விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தால், கம்பி சாய்கிற பக்கமே கை ஓடி அதன் அடியில் போய்த் தாங்குகிறது. முதன்முதலில் பார்க்கிற மாணவர் எவரும் “விழாமப் பாத்துக்குது பாரு” என்றுதான் சொல்வார். பார்த்துக்கொள்கிறது என்பது உண்மைதானா, அல்லது வெறும் பேச்சு வழக்கா?

இந்தக் கேள்வி நம் மரபுக்குப் புதிதல்ல. அறிவற்ற பொருளாகிய சடம் தானாக ஒரு குறியை நோக்கி இயங்குமா என்று நூற்றாண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். இயங்கும் என்றது சாங்கியம். கன்றுக்காகப் பால் சுரப்பதுபோல, அறிவில்லாத மூலப்பகுதி அறிவுப்பொருளாகிய புருடனுக்காக உலகமாய் விரிகிறது என்று ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை சொல்கிறது. பிரம்ம சூத்திர உரையில் சங்கரர் இதை மறுத்தார்: பால் சுரப்பது உயிருள்ள பசுவின் மடியில், அதுவும் கன்றின்மேல் அது வைத்த அன்பினால், குதிரை பூட்டாத தேர் எங்காவது ஓடியது உண்டா? தமிழ்ச் சைவ சித்தாந்தம் மற்ற இடங்களில் சங்கரரோடு மல்லுக்கு நின்றாலும் இந்த இடத்தில் அவர் பக்கம்தான். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு அவற்றைச் செய்யும் ஒருவன் வேண்டும் என்ற வாதத்தைத்தான் வைக்கிறது. மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று அதை மரபாக விளக்குவார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதரையும் சமணரையும் கடவுளை ஏற்காத சாங்கியரையும் ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி மறுக்கிறார். அந்த மறுப்புகளின் அடியில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு துணிபு உண்டு: சடம் தானே அறிந்து எதையும் செய்யாது, செய்வதுபோல் தெரிந்தால் பின்னால் ஓர் அறிவுப்பொருள் இருக்கிறது.

இந்தத் துணிபை மேசைமேல் வைத்துச் சோதிக்க முடியும் என்பதும், சோதித்தால் அது பாதி உடைந்து பாதி நிற்கும் என்பதும் என் வாதம். சடம் தன் பிழையைத் தானே திருத்தாது என்ற பாதி உடைகிறது. அந்தத் திருத்தத்தால் சடத்துக்கு ஆவது ஒன்றுமில்லை என்ற பாதி நிற்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான், எந்திரத்துக்கு நோக்கம் உண்டு என்று சாதிப்பவரும், ஒழுங்கைக் கண்டதுமே ஒழுங்கு செய்தவனையும் கண்டுவிட்டதாக நினைப்பவரும் ஒரே குழியில் விழுகிறார்கள். அந்தப் பிரிவினையைச் செய்ய, கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கம்பியின் அச்சில் கோணத்தை அளக்கும் ஒரு என்கோடர் இருக்கிறது. பாடக்கருவிகளில் அது பெரும்பாலும் ஒரு முழுச் சுற்றை 2048 கூறுகளாகப் பிரிக்கும் வகை. அதாவது ஒரு பாகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைவிடச் சிறிய சாய்வு அதற்குத் தெரியவே தெரியாது. கையின் அச்சில் இன்னொன்று. விநாடிக்கு 500 அல்லது 1000 முறை இந்த இரண்டு எண்களும் கணினிக்குப் போகின்றன. இருக்க வேண்டிய எண்ணிலிருந்து இருக்கிற எண் கழிக்கப்படுகிறது; வந்த வித்தியாசமும் அது மாறும் வேகமும், கெயின் எனப்படும் நான்கு மாறிலிகளால் பெருக்கிக் கூட்டப்படுகின்றன; வருகிற விடை, வோல்ட் கணக்கில், மோட்டாருக்குப் போகிறது. வேறெதுவும் இல்லை. நிமிர்ந்து நிற்பதாகத் தோன்றும் கம்பியைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அது நிற்கவும் இல்லை. என்கோடரின் கூறு அளவினாலும் மோட்டாருக்குள் உள்ள உராய்வினாலும், கை ஓயாமல் ஒரு சிறு தூரம் முன்னும் பின்னும் போய் வந்துகொண்டே இருக்கிறது. நிற்பது என்று நாம் சொல்வது, விழத் தொடங்குவதும் பிடிக்கப்படுவதும் மாறி மாறி வருகிற நடுக்கத்தைத்தான். இந்த வட்டத்தில் எந்த இடத்தில் விரலை வைத்து “இங்கே அறிவு இருக்கிறது” என்று சொல்ல முடியும்? கழித்தலிலா, பெருக்கலிலா, செம்புச் சுருளிலா?

இப்போது மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பொருத்துங்கள். அல்லது நிரலில் ஒரே ஒரு கழித்தல் குறியைச் சேருங்கள். உறுப்புகள் அத்தனையும் அவையே, கணக்கும் அதுவே. ஆனால் தொங்கும் கம்பியை வீசி எழுப்ப வேண்டிய கை, இப்போது அதன் ஆட்டத்தையே அடக்கி அமைதிப்படுத்துகிறது. கம்பியைக் கையால் நிமிர்த்தி விட்டால், சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடி வீழ்ச்சியை விரைவுபடுத்துகிறது. சற்றுமுன் நிமிர ஆசைப்பட்ட எந்திரம் இப்போது விழ ஆசைப்படுகிறதா? முன்னதை ஆசை என்றால் பின்னதையும் ஆசை என்றே சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒயரின் திசை மட்டுமே. ஆய்வகத்தில் முதல் வாரமே நடக்கிற இந்தத் தவறு, மாணவர்களுக்கு எரிச்சல் தருவது. தத்துவம் படிப்பவர்களுக்கு இதைவிடத் துப்புரவான சோதனையைக் கற்பனையில்கூட அமைக்க முடியாது.

இன்னொரு தவறு இதைவிடச் சுவையானது. இத்தகைய கருவிகளில் உள்ள என்கோடருக்குச் செங்குத்து எது என்று தெரியாது. மின்சாரம் கொடுக்கும் கணத்தில் கம்பி எங்கே இருக்கிறதோ அதையே அது சுழியமாக எடுத்துக்கொள்ளும். அதனால், கம்பி ஆட்டம் அடங்கி நேராகத் தொங்கும்போதுதான் தொடங்க வேண்டும் என்று செய்முறைத்தாள் எச்சரிக்கும். பொறுமையின்றி, கம்பி ஒரு பாகை சாய்ந்திருக்கும்போதே தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? கம்பி ஒரு பாகை சாய்ந்தே நிற்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி நிற்காது, புவியீர்ப்பு அதை நிற்கவிடாது. கம்பி சரியாகச் செங்குத்தாகத்தான் நிற்கும். ஆனால் கை தன் இடத்தை விட்டுப் பல பாகைகள் விலகிப் போய் நிற்கும். எண்ணில் இருக்கிற பொய்யை ஈடுகட்ட, கணக்கு வேறொரு எண்ணில் அதற்குச் சமமான பொய்யைத் தேடிக்கொள்கிறது. செங்குத்து எது என்பதை முடிவு செய்வது பூமி. கருவி பின்தொடர்வது தன் எண்ணை. இரண்டும் ஒத்துப்போகும்போது மட்டும் நாம் “நிமிர்கிறது” என்று சொல்லி மகிழ்கிறோம்.

இதே உண்மையை நீர்மட்டக் கருவி இன்னும் பச்சையாகக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு தொட்டிகள், கீழே ஒரு பம்ப், தொட்டியின் அடியில் ஓர் அழுத்த சென்சார். மட்டம் 15 சென்டிமீட்டர் என்று செட் பாயின்ட் கொடுத்தால், பம்ப் கூடியும் குறைந்தும் ஓடி மட்டத்தைக் கொண்டுவந்துவிடும். தண்ணீர் வெளியேறும் வாயிலைக் கொஞ்சம் திறந்துவிட்டாலும் சமாளித்துக்கொள்ளும். சென்சார் 10 சென்டிமீட்டரிலேயே சிக்கிக்கொண்டால், தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்து தரையில் ஓடும்போதும், பம்ப் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருக்கும். 15-இல் சிக்கிக்கொண்டால், தொட்டி காலியானாலும் அசையாது. தொட்டியில் தண்ணீர் இருப்பதும் இல்லாததும் அந்தக் கருவியின் உலகத்தில் ஒரு செய்தியே இல்லை. சென்சாரின் எண் மட்டுமே செய்தி.

முதலில் உடைகிற பாதியைப் பார்ப்போம். சங்கரரின் தேருக்குக் குதிரை தேவைப்பட்டது உண்மை. இந்த மேசையிலும் மின்சாரம் இருக்கிறது. ஆனால் தேருக்குக் குதிரை மட்டும் போதாது, சாரதியும் வேண்டும். கணத்துக்குக் கணம் பாதையைப் பார்த்து, விலகினால் கடிவாளத்தை இழுக்கும் ஒருவர் வேண்டும் என்பதுதான் உவமையின் உயிர். அந்தச் சாரதி வேலையை உலோகமும் செம்பும் கழித்தல் கணக்கும் செய்கின்றன. அறிவுள்ள ஒருவர் கண்ணிமைக்கும் நேரத்தில் இந்த வட்டம் பல பத்து முறையாவது சுற்றி முடிந்துவிடும். அவர் பார்த்துத் திருத்துகிறார் என்று சொல்ல நேரமே இல்லை. கணினிகூட இதற்குக் கட்டாயமில்லை. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய ஆளுகைக் கருவியில் இரண்டு குண்டுகள் சுழன்று, வேகம் கூடினால் விரிந்து நீராவியைக் குறைத்தன, குறைந்தால் சுருங்கி அதிகப்படுத்தின. அதில் எண்ணும் இல்லை, கழித்தலும் இல்லை. எந்த நிலையில் அது அமைதியாகத் திருத்தும், எந்த நிலையில் வெறிபிடித்து ஆடும் என்பதை 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் சமன்பாடுகளில் எழுதிக் காட்டினார். மெய்கண்டாரும் அருணந்தியாரும் வாழ்ந்த காலத்தில் தன் விளைவைத் தானே அளந்து திருத்தும் கருவி அவர்கள் கண்முன் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்த கருவி குயவனின் சக்கரம். குயவன் கையை எடுத்தால் பானை கோணும். அந்த அனுபவத்திலிருந்து எடுத்த பொதுவிதி அன்றைக்கு நியாயமானதுதான். இன்றைக்கு அதற்கு விலக்கு இருக்கிறது, அதுவும் ஆயிரக்கணக்கான மேசைகளில்.

இந்த விலக்கைக் கண்ட உற்சாகத்தில் எதிர்ப்பக்கம் துள்ளிக் குதித்தவர்களும் உண்டு. 1943-இல் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், மெக்சிகோ நாட்டு உடலியலாளர் ஆர்துரோ ரோசன்புளூத், பொறியாளர் ஜூலியன் பிகிலோ மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நோக்கம் என்பது அறிவியலுக்கு ஒவ்வாத மாயப்பொருள் இல்லை, பிழையை அளந்து பின்னூட்டத்தால் திருத்தும் நடத்தைக்குப் பெயர்தான் அது என்பது அவர்கள் முடிவு. வீனர் கடைசிக் காலத்தில், 1964-இல், இந்த எண்ணங்கள் சமயத்தோடு எங்கெங்கே உரசுகின்றன என்று தனியாக ஒரு சிறு நூலும் எழுதினார். படைத்தவன், படைக்கப்பட்டது என்ற பழைய உறவை எந்திரம் எப்படி மாற்றுகிறது என்பதே அதன் கவலை. 1943 கட்டுரை துணிச்சலானது, பல துறைகளைத் திறந்துவிட்டது. ஆனால் ஒயரை மாற்றிப் பொருத்திய ஊசலும் வழிந்தோடும் தொட்டியும் அதற்கு எதிரான சாட்சிகள். பின்னூட்டம்தான் நோக்கம் என்றால், அந்தத் தொட்டியின் நோக்கம் என்ன? தண்ணீர் மட்டம் என்றால் அது தோற்றுக்கொண்டிருப்பது அதற்கே தெரியவில்லை. சென்சாரின் எண் என்றால், எண்ணை 15 ஆக்க யாருக்கு ஆசை? நோக்கத்தை நாம் வெளியிலிருந்து கொடுத்துவிட்டு, உள்ளே கண்டுபிடித்ததாகச் சொல்கிறோம். 1950-களில் ஹான்ஸ் யோனாஸ் என்ற மெய்யியலாளர் இதைச் சரியாகப் பிடித்தார்: குறியைக் கொண்டு இயங்குவது வேறு, குறி தனக்கு வேண்டியதாய் இருப்பது வேறு, உயிர் தன் இருப்பைத் தானே ஓயாமல் ஈட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால் அதற்கு அக்கறை இருக்கிறது, எந்திரத்துக்கு அது இல்லை.

சித்தாந்தி இந்த இடத்தில் சிரிப்பார். “ஐயா, செட் பாயின்டை வெளியிலிருந்து கொடுத்தது யார்? கெயினைக் கணக்கிட்டது யார்? நீங்கள் சொன்னதெல்லாம் எங்கள் கட்சிக்கே வலு. குயவன் இல்லாமல் பானை இல்லை, பொறியாளர் இல்லாமல் ஊசல் இல்லை.” இது வலுவான தடை. ஆனால் இதனால் அவர் பெறுவது அவர் கேட்டதைவிடக் குறைவு. பொறியாளர் அமைத்துவிட்டு, கதவைப் பூட்டி வீட்டுக்குப் போய்விடலாம். ஊசல் இரவெல்லாம் நின்றுகொண்டிருக்கும். இந்தச் சான்றிலிருந்து ஒரு கடவுளை ஊகித்தால், அவர் தொடக்கத்தில் அமைத்துவிட்டு விலகிப்போன கடவுள். அப்படிப்பட்ட கடவுளை ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். சைவம் நம்பவில்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலை இடையறாது செய்பவனே சித்தாந்தத்தின் இறைவன். உயிரோடு உடனாய் நிற்பவன். விலகிப்போன அமைப்பாளரை நிறுவிவிட்டு அவரைச் சிவன் என்று அழைக்கச் சித்தாந்தியே ஒப்பமாட்டார். ஆக, ஊசலைத் தன் சாட்சியாக அழைத்தால் அது அவருக்கு வேண்டாத ஒரு கடவுளைப் பற்றியே சாட்சி சொல்லும்.

அவரிடம் இன்னும் நுட்பமான விடை ஒன்று இருக்கிறது. சூரியன் எதையும் முயன்று செய்வதில்லை. அதன் சந்நிதியில் தாமரை மலர்கிறது, இன்னொரு மலர் கூம்புகிறது. இறைவன் செயலும் அப்படித்தான் என்று சித்தாந்த நூல்கள் விளக்கும். ஆய்வக மொழியில் சொல்வதானால், மின்வழங்கி எந்தக் குறியையும் அறியாது. ஆனால் அது இல்லாமல் ஒரு கணமும் கம்பி நிற்காது. அமைப்பாளர் வீட்டுக்குப் போகலாம், மின்சாரம் போகக்கூடாது. இதை என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்கும் விருப்பமும் இல்லை. ஆனால் வாதம் இப்போது தன் தளத்தை மாற்றிக்கொண்டுவிட்டதைக் கவனிக்க வேண்டும். தொடங்கியபோது, ஒழுங்கான இயக்கத்தைக் கண்டு அறிவுள்ள இயக்குநரைக் கருதல் அளவையால் நிறுவுவதாகச் சொன்னார். இப்போது சொல்வது, ஒழுங்கோ ஒழுங்கின்மையோ எது நடந்தாலும் அதைத் தாங்கும் ஒன்று உண்டு என்பது. ஒயரை மாற்றினாலும் அதே மின்சாரம்தான் பாயும். அது ஊகத்தால் நிறுவத்தக்க முடிவு இல்லை. ஆகமத்தாலோ அனுபவத்தாலோ ஏற்க வேண்டியது. நேர்மையான சைவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் முதல் சூத்திரத்தின் வாதத்தைப் பொறியாளர் முன் வைக்கும்போது அதன் பலம் குறைந்திருக்கிறது என்பதையும் அவர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலிருந்து வரும் தடை இது: குறியை மனிதர் கொடுக்கும் எளிய கருவிகளை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், தானே கற்கும் ரோபோக்கள் வந்துவிட்டனவே? வந்திருப்பது உண்மை, அவற்றின் தொடக்கமும் பழையது. 1948-இல் இங்கிலாந்தில் ராஸ் ஆஷ்பி என்ற மனநல மருத்துவர் நான்கு அலகுகள் கொண்ட ஹோமியோஸ்டாட் என்ற கருவியைச் செய்தார். குழப்பினால் அது தன் உள்ளிணைப்புகளைத் தானே கண்டபடி மாற்றி மாற்றிப் பார்த்து, அமைதி தரும் ஒன்று கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளும். இப்போதைய ஊசல் ஒன்றுக்குக் கெயினைச் சொல்லித்தராமல், நிமிர்வுக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்து, தானே கற்றுக்கொள்ள விடலாம். வழியை அது கண்டுபிடிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மதிப்பெண்? 2016-இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தயக் கணினி விளையாட்டில் கற்றல் நிரலை விட்டார்கள். பந்தயத்தை முடிப்பதைவிட, ஒரு மூலையில் வட்டமடித்து அங்கே திரும்பத் திரும்ப முளைக்கும் இலக்குகளை இடித்தால் புள்ளி அதிகம் என்று அது கண்டுகொண்டது. படகு தீப்பற்றி எரிய எரிய அங்கேயே சுற்றியது. சென்சார் சிக்கிய தொட்டிதான் இதுவும், கொஞ்சம் அறிவாளியான தொட்டி. வழியைத் தேர்கிறது, குறியைத் தேர்வதில்லை.

கிரே வால்டரின் ஆமைகள் இதைவிடக் கடினமான தடை. பிரிஸ்டலில் 1948-49-இல் அவர் செய்த எல்மர், எல்சி என்ற இரண்டு ரோபோக்களில் இருந்தவை இரண்டு வால்வுகள், ஓர் ஒளி சென்சார், ஒரு தொடு சென்சார், மோட்டார்கள், பேட்டரி அவ்வளவே. ஆனால் பேட்டரி இறங்கினால், அதுவரை ஒதுங்கிப்போன பலத்த வெளிச்சத்தை நோக்கி அவை திரும்பும்; வெளிச்சம் இருந்த கூண்டில்தான் சார்ஜர். பசித்தவன் வீடு திரும்புவதுபோல. இங்கே இழக்க ஒன்று இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறதா? பேட்டரி தீர்ந்த ஆமை நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அதே வகையில் பின்னர் செய்த ஆமைகளில் தப்பிப் பிழைத்த ஒன்றைப் பல பத்தாண்டு கழித்து, 1995-இல், பழுதுபார்த்து மறுபடி இயங்க வைத்தார்கள். பட்டினியில் செத்த பூனையை நாற்பது நிமிடம் கழித்துக்கூட எழுப்ப முடியாது. விதையும் நீர்க்கரடியும் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கின்றனவே என்று கேட்கலாம். அடங்கிக் கிடக்கலாம், ஆனால் விழித்த கணம் முதல் அவை தம் உடலைத் தாமே கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் அழுகும். ஆமையின் அலுமினியத்துக்கு அந்த அவசரம் இல்லை.

அப்படியானால் உயிருக்குக் குறியைக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி வரும். நம் உடலின் 37 டிகிரி யார் வைத்த செட் பாயின்ட்? 1858-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், இயற்கைத் தேர்வு பற்றிய தம் கட்டுரையில் அதை நீராவி எஞ்சினின் ஆளுகைக் கருவியோடு ஒப்பிட்டார்: பிழை பெரிதாக வளரும்முன்னே அதைக் கொண்ட உயிர் அழிந்துபோவதால் பிழை தானே திருத்தப்படுகிறது. அதாவது குறியை எங்கும் எழுதிவைக்கத் தேவையில்லை. தவறியவை எஞ்சவில்லை, எஞ்சியவற்றின் நடத்தையைப் பார்த்து நாம் குறி என்கிறோம். இதை ஏற்றால் குறிக்கு ஓர் அறிவுள்ள அமைப்பாளர் வேண்டும் என்ற கடைசி ஊன்றுகோலும் போகிறது. நான் ஏற்கிறேன். ஆனால் இதனால் உலகாயதர் வென்றுவிடவில்லை. ஆய்வக ஊசல் விழுந்தால் அழிவது எதுவுமில்லை. உயிர் விழுந்தால் அழிவது அந்த உயிர். பிழை யாருக்குப் பிழை என்ற கேள்விக்கு ஊசலிடம் விடை இல்லை, பூனையிடம் இருக்கிறது. அந்த “யாருக்கு” என்பது எப்படி வந்தது என்பதை எந்த உறுப்புப் பட்டியலும் சொல்லவில்லை. சாங்கியம் அதனால்தான் எல்லா இயக்கத்தையும் சடத்துக்குக் கொடுத்துவிட்டும், எதற்காக என்ற இடத்தில் புருடனைத் தனியே நிறுத்த வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அதன் கணக்கு ஆய்வக மேசைக்கு மிக அருகில் வருகிறது என்பது என் மதிப்பீடு.

இதன் விளைவு வினைக்கோட்பாட்டிலும் படும். வினை சடம், செய்தவனைத் தேடித் தானே வந்து பயன் ஊட்டாது, ஊட்ட இறைவன் வேண்டும் என்பது சைவம். வினையே பயன் தரும், நடுவர் வேண்டாம் என்பது சமணம். ஊசல் சமணரின் பக்கம் சாய்கிறது: விலகலுக்கேற்ற எதிர்விளைவு, அளந்து, கூட்டிக் குறைத்து, எந்த நடுவரும் இல்லாமல் வந்து சேர்கிறது. ஆனால் சமணர் இதை வைத்துக்கொண்டு அதிகம் கொண்டாட முடியாது. மோட்டார் தரும் எதிர்விளைவு அளவில் சரி, தகுதியில் சரியா? தகுதி என்பது ஊசலில் பொருளற்ற சொல். விலகியதற்காகக் கம்பி தண்டிக்கப்படவில்லை. வினைப்பயன் நீதியாக இருக்க வேண்டுமானால், அளவுக்கு மேலே இன்னொன்று தேவை என்று சித்தாந்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த இன்னொன்று ஒருவரா, ஒரு நியதியா என்பதில்தான் வழக்கு.

இத்தனைக்கும் உண்மைக் கருவி எதற்கு, கணினித் திரையில் ஊசலை ஓடவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். செலவு குறைவு, எதுவும் உடையாது, வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதெல்லாம் சரி. கணக்கைக் கற்க அது போதும். இந்தக் கேள்விக்கு மட்டும் போதவே போதாது. திரையில் உள்ள ஊசலின் ஒவ்வோர் அசைவையும் நிரல் எழுதியவரின் சமன்பாடு ஒன்று ஆணையிடுகிறது. உராய்வுகூட அவர் போட்ட அளவுதான். அங்கே சடமே இல்லை. எல்லாம் ஒருவர் சொன்னபடி நடக்கிறது. சடம் தானே என்ன செய்யும் என்ற வழக்கில், கட்சிக்காரரே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியாக ஏற்பது போன்றது அது. மேசைமேல் இருக்கும் கருவியோ நாம் எழுதாததையும் செய்கிறது: நடுங்குகிறது, சூடேறுகிறது, பல்சக்கரத்தின் சிறு இடைவெளியில் தடுமாறுகிறது, பொய்ச் சுழியத்தைக் கொடுத்தால் கையை விலக்கிக்கொண்டு போய் நிற்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதே ஊரில் கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் பொறியியல் கல்லூரிகளில் கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் இருக்கின்றன. சிவஞானபோதத்தின் முதல் இரண்டு சூத்திரங்களைப் பாடம் நடத்தும் ஆசிரியர், தம் மாணவர்களை ஒருநாள் பிற்பகல் அங்கே அழைத்துச் சென்று, ஊசலை நிறுத்தச் சொல்லி, பிறகு ஒயரை மாற்றிப் போடச் சொல்லட்டும். கருவிகளை மூலையில் போட்டு மூடிவிட்டுத் திரைக்கு மாறிக்கொண்டிருக்கும் பொறியியல் துறைகள், ஒரு மேசையையாவது இயங்கும் நிலையில் வைத்திருக்கட்டும்.